ரொக்கெட் காத்திருக்கும் தீவு

எங்கள் அலுவலகக் கதவு எப்போதும் திறந்துதான் கிடக்கும். மாடிப்படி ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்கியபடி நேரே உள்ளே வந்து, கிடைத்த கதிரையில் தொப்பென்று இருந்து, "கொழும்புக்கு இப்ப எவ்வளவு பிள்ளை?" என்றுதான் தொடங்குவார்கள். அவர் ஒருவர்தான் திறந்திருக்கும் கதவைத் தட்டுவார். தட்டிவிட்டு வெளியே நிற்பார்.

"வரட்டோ?"

"வாங்கோ அண்ணை."

வந்து கதிரைக்குப் பக்கத்தில் நிற்பார்.

"இருக்கட்டோ?"

"இருங்கோ அண்ணை. இருக்கிறதுக்குத்தானே கதிரை போட்டுக் கிடக்கு."

சிரிக்க மாட்டார். இருப்பார். இருந்த பிறகு, சப்பாத்தில் பனி ஒட்டியிருக்கிறது, நிலம் ஈரமாகும், பரவாயில்லையோ என்று கேட்பார். நிலம் காலையிலிருந்தே குளமாகத்தான் இருக்கும். மொன்றியலில் மாசி மாதம் வேறு எப்படி இருக்கும்?

அது பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஒரு கிரேக்க பேக்கரிக்கு மேலே இருந்த சின்னப் பயண முகவர் நிலையம். தொண்ணூறுகள் முழுவதும் நான் அங்கேதான் டிக்கெட் போட்டேன். முதலாளிக்கு ஒரு மேசை, எனக்கு ஒரு மேசை, வருகிறவர்களுக்கு இரண்டு கதிரை, சுவரில் ஒரு விமானக் கம்பனியின் கலண்டர். கொழும்பு, சென்னை, லண்டன், கலியாணமென்றால் ரொறன்ரோ. இவற்றைத் தாண்டி உலகத்தில் வேறு ஊர் இருப்பதாக எங்களிடம் யாரும் வந்து விசாரித்ததில்லை. அவரைத் தவிர.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதலாமோ என்று கேட்க இப்போது வழியில்லை. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

அப்போது ஐம்பதை நெருங்கிய வயது. வடக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊர். இங்கே துறைமுகத்தை ஒட்டிய ஒரு களஞ்சியத்தில் கொன்டெய்னர்களிலிருந்து சாமான் இறக்கும் வேலை. செயின்ட்-மிஷேலில் ஒரு பேஸ்மென்ட் அறை. அந்த அறைக்கு மேலே ஹெயிட்டிக் குடும்பம் ஒன்று இருந்தது. மீன் பொரிக்க நினைத்தால் படியேறிப் போய் அந்த வீட்டு அம்மாவிடம், "இண்டைக்கு மீன் பொரிக்கட்டோ?" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்பாராம். முதல் நாள் அந்த அம்மா பயந்துபோனாளாம். பிறகு பழகிவிட்டது. "பொரி, இதையும் சேர்த்துப் பொரி" என்று தன் மீனையும் கொடுத்துவிடத் தொடங்கிவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் திறப்பதென்றாலும் இதே கதைதான். பிரெஞ்சில் தயவுசெய்து என்று முன்னுக்கு இருப்பவரிடம் ஒரு சில்வூப்ளே, பின்னுக்கு இருப்பவரிடம் ஒரு சில்வூப்ளே. எல்லாரும் தலையாட்டி முடிய இவர் இறங்கும் இடம் வந்துவிடும். முதலாளி அவருக்கு 'அனுமதி' என்று பட்டம் வைத்திருந்தார். படியில் காலடி கேட்டால், "அனுமதி ஏறுது பிள்ளை. தும்முறதெண்டாலும் மூக்கிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் தும்முவான்" என்பார். நானும் சிரிப்பேன். எனக்கு அப்போது வயது இருபத்துநாலு, வாய்க்கு மட்டும் நாற்பது.

ஒருமுறை எங்கள் ஆட்கள் சேர்ந்து ஒரு தேவாலய மண்டபத்தில் வருடப்பிறப்பு விழா வைத்தார்கள். விழாக் கமிட்டி கூடியது எங்கள் அலுவலகத்தில். இவர் ஊருக்குக் கதைக்க ஒரு ரெலிபோன் கார்ட் வாங்க வந்தவர், ஒலிபெருக்கி என்ற சொல்லைக் கேட்டதும் நின்றுவிட்டார்.

"நான் ஒண்டு கேக்கலாமோ? மண்டபத்துக்கு முன்வீட்டிலை ஒரு கிரேக்க மனிசி இருக்கிறா. அவவிட்டைக் கேட்டனியளோ?"

"நகரசபையிட்டை அனுமதி எடுத்தாச்சு அண்ணை" என்றார் செயலாளர்.

"நகரசபை அந்த வீட்டிலை நித்திரை கொள்ளுறேல்லையே."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் தானே போய்க் கேட்டிருக்கிறார். அந்தக் கிழவியின் புருஷன் படுக்கையில் கிடந்தாராம். பாட்டை நிறுத்தவேண்டாம், பெட்டியை மற்றப் பக்கம் திருப்பிவிட்டால் போதும் என்றாளாம். விழா அன்று இவர் கமிட்டிக்காரர் ஒவ்வொருவரிடமும் போய், "திருப்பட்டோ?" என்று கேட்டிருக்கிறார். அவர்களுக்கு ஆயிரம் அலுவல். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தபோது அவர் வாசலில், தன் குளிர்க்கோட்டைக் கழற்றி ஒலிபெருக்கியின் வாய்க்கு முன்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றார். சித்திரை பிறந்தும் குளிர் விடவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"என்ன அண்ணை இது? திருப்பிவிடவேண்டியதுதானே!"

"திருப்பட்டோ எண்டு கேட்டனான். இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை."

விழா முடியும்வரை அப்படியே நின்றார். பைத்தியம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம். ஆனால் பாட்டுக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோட்டின் ஞாபகமாகவே இருந்தது.

முதலாளி இதையெல்லாம் ஊர்க் கணக்கில்தான் போட்டுவைத்திருந்தார். முதலாளியின் ஊரில் இவருடைய ஊர்க்காரர் வீட்டுக்குள் ஏறாமல் முற்றத்தோடு நிற்கிறவர்கள். கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், பழக்கம் விடாது என்பது அவருடைய விளக்கம். அதை இவர் காதுபட ஒருநாள் சொல்லியும்விட்டார். இவர் கோபிக்கவில்லை. என்னிடம் திரும்பி, "இது பணிவில்லை பிள்ளை" என்றார்.

என்னை ஒருநாள் அவர் கேட்ட கேள்வியைச் சொல்லவேண்டும். முதலாளி வெளியே போயிருந்த நேரம். என் மேசையில் கலியாணப் படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி எங்கை வேலை?" என்றார். சொன்னேன். என்னவருக்கு இரவு வேலை, பிளாஸ்டிக் தொழிற்சாலை, நான் எழும்பும் நேரம் அவர் வந்து படுப்பார் என்று. அப்படியே கதை வளர்ந்தது. படம் பார்த்துப் பேசிய சம்பந்தம், ஸ்பொன்சர், ஒரு சூட்கேஸ், கொழும்பில் அழுதுகொண்டு நின்ற அம்மா. எல்லாப் பெட்டைகளின் கதையும்தான்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ."

"இஞ்சை வாறியோ எண்டு உன்னை ஆரும் கேட்டவையோ?"

ஐயாவைக் கேட்டார்கள். சாதகத்தைக் கேட்டார்கள். தூதரகத்தில் கேட்டார்கள், கைரேகைவரை கேட்டார்கள். நான் எழும்பிக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள் பிள்ளை."

"இல்லை அண்ணை. கேட்டது நல்லதுதான்" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அதற்கு முதலும் பிறகும் அதை என்னிடம் கேட்டவர் ஒருவருமில்லை.

அவருடைய மனைவி திருகோணமலையில் அக்கா வீட்டில் இருந்தாள். யுத்தத்தில் ஊர் முழுதும் ஒரே நாளில் எழும்பி ஓடியபோது, அவர் இங்கே களஞ்சியத்தில் சாமான் இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் தாயையும் கூட்டிக்கொண்டு இடம் இடமாக மாறிக் கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தாள். ஞாயிறு பின்னேரங்களில் அங்கே ஒரு தொலைபேசிக் கடையில் வந்து காத்திருப்பாள். எங்களுக்கு அது ஞாயிறு காலை. ஸ்பொன்சர் அலுவல் இழுபட்டு இழுபட்டு ஒருவழியாக விசா கிடைத்தது. டிக்கெட் போட்டது நான்தான். ஜன்னலோரம் கேட்டார். "அவவுக்குக் கடல் தெரியோணும்" என்றார். முப்பதாயிரம் அடி உயரத்திலிருந்து கடல் எங்கே தெரியப்போகிறது என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த கிழமை வந்தார். கதவைத் தட்டினார். வரட்டோ என்றார், இருக்கட்டோ என்றார். பிறகு, "ரிக்கெற்றை நிப்பாட்டலாமோ?" என்றார்.

"ஏன் அண்ணை? திகதி மாத்தவோ?"

"இல்லை. அவ வரேல்லையாம்."

முதலாளி எழும்பிவிட்டார். "வரேல்லையாமோ? விசா அடிச்ச பிறகோ? என்ன விசர்க் கதை! மனிசியை வா எண்டு சொல்லுறதை விட்டுட்டு..."

"சொல்லேல்லை. கேட்டனான். விசா வந்திட்டுது, வாறியோ எண்டு கேட்டனான். யோசிச்சுப்போட்டு, இல்லை எண்டிட்டா."

"ஏன் எண்டாவது கேட்டனீங்களோ அண்ணை?" இது நான்.

"கேக்கேல்லை. ஏன் எண்டு கேட்டா அவ ஒரு காரணம் சொல்லோணும். அவ சொன்னா நான் அதை வெட்டி இன்னொண்டு சொல்லுவன். அது கேக்கிறதில்லை பிள்ளை, நெருக்கிறது."

"எண்டாலும் இன்னொருக்கா..."

"இல்லையெண்டு சொன்னதுக்குப் பிறகும் வா எண்டு நிண்டா, முதல் கேட்டதுக்கு என்ன அர்த்தம்?"

டிக்கெட்டை நிறுத்தினேன். அவர் போன பிறகு முதலாளி நெடுநேரம் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் கோபம்தான். ஒரு மனுஷன் இவ்வளவு நல்லவனாகத் தன் தலையிலேயே மண்ணை அள்ளிப் போடலாமா? அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் கதைத்தார்கள். என்ன கதைத்தார்களோ. கார்ட் வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது, அந்த அகலமான முதுகு மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த குளிர்காலத்தில்தான் அந்தக் கடதாசி அவர் கண்ணில் பட்டது. விமானக் கம்பனிகள் எல்லா முகவர்களுக்கும் விளம்பரக் கட்டுகள் அனுப்பும். எங்களிடம் யார் யப்பானுக்குப் போகப்போகிறார்கள்? முதலாளி அவற்றைத் தேத்தண்ணிக் கேத்தலுக்கு அடியில் வைத்திருந்தார். இவர் அதைப் பார்த்துவிட்டு, "இதை எடுக்கட்டோ?" என்றார்.

தெற்கு யப்பானில் ஒரு தீவு. தனேகஷிமா என்று பெயர். மூன்று படம். மேலே வெள்ளை ரொக்கெட் ஒன்று, கடலை ஒட்டி நிமிர்ந்து நின்றது. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய துவக்கு, நீளக் குழல் துப்பாக்கி. கீழே ஆளரவமற்ற கடற்கரை. விஞ்ஞானம், வரலாறு, கடற்கரை எல்லாம் ஒரே தீவில் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அவருக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும். வாசிக்கிறியோ என்று என்னைக் கேட்டார். நான் கடமைக்கு வாசித்துக்கொண்டு போனேன். அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ரொக்கெட் ஏவும் நாட்கள் உள்ளூர் மீனவர்களோடு பேசித்தான் முடிவாகும், மீன்பிடிக் காலத்தில் ஏவுவதில்லை, ஆகையால் வருகிறவர்கள் முதலே விசாரித்துக்கொள்ளவும்.

"திருப்பி வாசிக்கிறியோ பிள்ளை?"

வாசித்தேன்.

"ரொக்கெட் நிக்குமோ? மீன்காரருக்காகவோ?"

"அப்பிடித்தான் போட்டுக் கிடக்கு."

"அப்ப, அரசாங்கம் போய் மீன்காரரிட்டைக் கேக்குதோ?"

"ஓம் அண்ணை."

"பொய்யாயிருக்கும்" என்றார். பிறகு, "இந்தக் கடுதாசியை நான் கொண்டுபோகட்டோ?" என்றார்.

அன்றைக்குத்தான், போகும்முன், ஊரில் நடந்த ஒரு கதையைச் சொன்னார். கதை என்றால் இரண்டு மூன்று வசனம். ஒருநாள் காலை கடலுக்குப் போகக்கூடாது என்று ஊரில் உத்தரவு வந்தது. வள்ளங்களை மணலில் ஏற்றிவிட்டுச் சில பேர் இராணுவ முகாமுக்குப் போனார்கள், கரையோடாவது வலை போடலாமோ என்று கேட்க. இவரும் போனார். கேட்க வந்தவர்களை வாசலிலேயே சுடுமணலில் முழங்காலில் நிறுத்தினார்கள், பொழுது சாயும்வரை.

"வலிக்கேல்லை பிள்ளை. நாங்கள் கேட்டது அவங்களுக்குச் சிரிப்பாயிருந்துது. அதுதான். அண்டைக்கு நினைச்சன், என்னாலை ஒரு சீவனும் கேக்கப்படாமல் இருக்கக்கூடாது எண்டு."

இப்படிப்பட்ட மனுஷனைத்தான் நாங்கள் 'அனுமதி' என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஆவணி மாதம் ரொக்கெட் ஏவப் போகிறார்கள் என்று விசாரித்து அறிந்துகொண்டார். அதற்குள் கனடியப் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தது. லீவும் எடுத்துவிட்டார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "மனிசி திருகோணமலையிலை, புருஷன் யப்பானிலை ரொக்கெட் பாக்கப் போறாராம்!"

"பாக்காமல் இருக்க ஏலாது" என்றார் இவர். முதலாளியிடம் இல்லை, என்னிடம். "கேட்டா, அந்தப் பதிலுக்கு ஒரு மதிப்பு இருக்கோணும். உலகத்திலை ஒரு இடத்திலையாவது இருக்கோணும். இல்லையெண்டா நான் என்ரை மனிசியைச் சும்மா விட்டுக்குடுத்திட்டன் எண்டாகுதே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் பார்க்கப் போவது ரொக்கெட்டை இல்லை.

போவதற்கு முதல் ஞாயிறு அவரை எதிர்பாராத இடத்தில் கண்டேன். மொன்றியலை ஒட்டிய இல்-பிசார் என்ற தீவில் முதலாளியின் சிநேகிதர், தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் வீட்டில் விருந்து. பெரிய வீடு, பெரிய புல்தரை, நாலாபக்கமும் அமைதி. என்னவர் வழக்கம்போல் சோபாவில் தூங்கிவிட்டார். நான் தனியாக நடந்து ஆற்றங்கரைக்குப் போனேன். அங்கேயிருந்து அக்கரையில் இருக்கும் லாவாலுக்குக் கோடை காலத்தில் ஒரு சின்னப் படகு ஓடும், நாலைந்து கார் ஏற்றிக்கொண்டு. அதன் முன்விளிம்பில் இவர் நின்றார். அக்கரைக்குப் போனார், திரும்பி வந்தார். மறுபடியும் போனார். இறங்கவேயில்லை. மூன்றாம் முறை என்னைக் கண்டுவிட்டார்.

"என்ன அண்ணை, அக்கரையிலை ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை பிள்ளை. இது ஆத்துத் தண்ணிதான். எண்டாலும் காலுக்குக் கீழை அசையுது." பிறகு படகோட்டியைக் காட்டி, "முன்னுக்கு நிக்கட்டோ எண்டு கேட்டனான். நில் எண்டவன்" என்றார்.

வந்து ஏறு என்று என்னைக் கூப்பிடவில்லை. "ஏற விருப்பமோ?" என்று கேட்டார். ஏறினேன். அக்கரை போய்த் திரும்பி வந்தோம். விருந்தில் இருந்ததைவிட அங்கே எனக்குத் தனிமை குறைவாக இருந்தது.

யப்பானிலிருந்து திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, கதவு தட்டும் சத்தம் கேட்டதும் முதலாளியே கத்தினார். "வா, வா! ரொக்கெட் எழும்பிச்சுதோ?"

"இல்லை."

"என்ன?"

"நாள் வைச்சவை. ஏதோ பழுதெண்டு தள்ளிப்போட்டினம். என்ரை லீவு முடிஞ்சுது. வந்திட்டன்."

முதலாளி சிரித்த சிரிப்பில் கீழே பேக்கரிக்காரனுக்கும் கேட்டிருக்கும். உலகத்தின் மற்ற மூலைக்குப் போய், எழும்பாத ரொக்கெட்டைப் பார்த்து வந்த ஒரே தமிழன் என்றார். சிரித்துக்கொண்டே சிகரெட் பிடிக்கக் கீழே போனார். இவர் இருக்கட்டோ என்று கேட்டுவிட்டு இருந்தார். முகம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. நான் அவரை அவ்வளவு தெளிவாக ஒருநாளும் கண்டதில்லை.

"கவலையில்லையோ அண்ணை?"

"அது நிக்கிறதைப் பாத்தன். அதைத்தானே பாக்கப் போனனான்."

ஒரு மீன்பிடித் துறைக்குப் பக்கத்தில், சாப்பாடும் படுக்கையும் தரும் ஒரு சின்ன வீட்டில் தங்கியிருக்கிறார். அங்கே குடியிருந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு ஆங்கிலம் தெரியும். அவளைக் கூட்டிக்கொண்டு காலையில் துறைக்குப் போய், வலை உதறிக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம், "உங்களிட்டை உண்மையாக் கேக்கினமோ?" என்று கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னவர்?"

"கேக்கினம் எண்டார். முதலிலை ஏலாது எண்டு நிண்டவையாம். பேந்து இருந்து கதைச்சு, இந்த இந்த மாசம் எண்டு முடிவெடுத்தவையாம். ஆனா பிள்ளை, அந்தக் கிழவர் அதைச் சொல்லேக்கை பெருமையாச் சொல்லேல்லை. பொடியள் எல்லாம் ஒசாக்காவுக்குப் போட்டாங்களாம். கடலுக்குப் போக ஆள் இல்லையாம். பாதி வள்ளம் கரையிலை கிடக்கு. ஆள் இல்லாத கடலுக்கும் வந்து கேக்கிறாங்கள் எண்டு சொல்லிச் சிரிச்சார்."

கடற்கரைக்கும் போயிருக்கிறார். படத்தில் இருந்த மாதிரியே வெள்ளை மணல். காவலில்லை, கம்பிவேலி இல்லை. கரையில் நின்றிருக்கிறார், நின்றுகொண்டே இருந்திருக்கிறார். "இறங்கட்டோ எண்டு ஆரிட்டைக் கேக்கிறதெண்டு தெரியேல்லை" என்றார். கடைசியில் அலைப் பலகையோடு வந்த ஒரு இளைஞனிடம் கையால் காட்டிக் கேட்டாராம். அவன் பலகையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து வணங்கினானாம். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஊரைவிட்டு வந்தபிறகு அன்றைக்குத்தான் கடலில் இறங்கியிருக்கிறார். நெஞ்சளவு தண்ணீரில் நின்று அழுததையும் மறைக்காமல் சொன்னார்.

பிறகு அந்தத் துவக்கு. பல நூறு வருஷத்துக்கு முதல் புயலில் ஒதுங்கிய கப்பல் ஒன்றிலிருந்து போர்த்துக்கேயர் அந்தத் தீவில் இறங்கினார்களாம். யப்பானுக்குத் துவக்கு வந்தது அப்படித்தானாம். தீவுத் தலைவன் துவக்கை வாங்கி, இதேபோல் செய் என்று கொல்லனிடம் கொடுத்தான். கொல்லனுக்கு எல்லாம் வந்தது, குழாயின் அடியை அடைக்கும் திருகாணி மட்டும் வரவில்லை. அந்த வித்தையைப் படிக்கத் தன் மகளையே ஒரு போர்த்துக்கேயனுக்குக் கட்டிக்கொடுத்தான் என்று அங்கே ஒரு கதை சொல்கிறார்கள்.

"நான் அந்த ரீச்சரிட்டைக் கேட்டன், பெட்டையைக் கேட்டவையோ எண்டு. அவ யோசிச்சா. அது கதையிலை இல்லை எண்டா."

"பேந்து?"

"அந்தப் போர்த்துக்கேயன் அவளைக் கப்பலிலை கொண்டுபோட்டான். அவளுக்கு அங்கை இருக்க ஏலேல்லை. ஊர் நினைப்பு. ஒருக்கா தகப்பனைப் பாக்கவெண்டு வந்தவள், திரும்பிப் போக மனமில்லாமல் நிண்டிட்டாள். வீட்டுக்காரர் அவனிட்டைச் செத்துப்போனாள் எண்டு சொல்லிப்போட்டினம். ஒரு வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தாட்டவை. அவன் அழுதுபோட்டுக் கப்பலேறிப் போட்டானாம். அவள் அந்தத் தீவிலையே இருந்திட்டாள்."

கீழே பேக்கரியில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. நான் என் மேசையிலிருந்த கலியாணப் படத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

"என்ரை மனிசிக்கு வெறும் பெட்டி தேவைப்படேல்லை, பிள்ளை. வாயாலை இல்லையெண்டு சொன்னவ. அந்தளவுக்கு நான் ஒரு மனுசன்தான். ஆனா அந்தத் துவக்குக்கு முன்னாலை நிண்டு யோசிச்சன். அந்தப் போர்த்துக்கேயனும் கேட்டிருப்பான், வாறியோ எண்டு. அவனுக்கும் ஒரு கேள்விதானே தெரிஞ்சிருக்கும்."

மணிக்கூட்டைப் பார்த்தார். வழக்கமாக அறையில் இருந்து ஊருக்குக் கதைக்கும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அங்கே அவள் கடையில் காத்திருப்பாள்.

"உன்ரை ரெலிபோனிலை கதைக்கட்டோ? கார்ட் கிடக்கு."

நான் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழும்பினேன். "இரு பிள்ளை" என்றார். அவர் கேட்காமல் சொன்ன ஒரே சொல் எனக்குத் தெரிய அதுதான். கார்டைப் பார்த்துப் பார்த்து எண்ணை அழுத்தினார். லைன் கிடைத்தது. சுகமோ, அம்மா எப்பிடி, மழையோ என்றெல்லாம் கேட்கவில்லை.

"நான் ஒண்டு கேக்கட்டோ?" என்றார். அந்தப் பக்கம் கேளுங்கோ என்றிருக்கவேண்டும்.

"நான் அங்கை வரட்டோ?"

அந்தக் காலத்து லைனில் ஒரு சொல் போய்ச் சேர்ந்து மறுசொல் வர நேரம் எடுக்கும். அன்று அதைவிட அதிகமாக எடுத்தது. இல்லையென்றால் இந்த மனுஷன் என்ன செய்வார்? அவரிடம் கேட்பதற்கு வேறு கேள்வி இருக்கவில்லை. கலண்டரில் இருந்த விமானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் ஓம், ஓம் என்றார். பிறகும் ஓம் என்றார். ரிசீவரை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார்.

"என்ன சொன்னவ அண்ணை?"

"இவ்வளவு காலமும் இதை ஏன் கேக்கேல்லை எண்டு கேட்டவ."

முதலாளி சிகரெட் வாசத்தோடு மேலே வந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, முதல்முறையாக ஒன்றும் சொல்லாமல் தன் மேசையில் போய் இருந்தார்.

வேலையை விட்டு, அறையைக் காலி செய்து, மேல்வீட்டு ஹெயிட்டி அம்மாவிடம் போகட்டோ என்று கேட்டுவிட்டு அவர் புறப்பட மார்கழி ஆகிவிட்டது. அங்கே நிலைமை சரியில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். கடல் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது என்று முதலாளி சொன்னார். "தெரியும்" என்றார் இவர். "அங்கை போய்க் கேக்கிறவையோடை சேந்து நானும் கேக்கிறன்."

கடைசியாக டிக்கெட் போட வந்த நாள் வெளியே பனி கொட்டியது. கதவைத் தட்டினார். வந்தார். இருந்தார். ஜன்னலோரம் போட்டேன்.

"திரும்பி வாற திகதி என்னெண்டு போட அண்ணை?"

"அதை இப்ப சொல்ல ஏலாது பிள்ளை. அவவைக் கேக்கோணும்."

ஒருவழி டிக்கெட்டாகப் போட்டேன். உறையில் வைத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எழும்பி நின்றார்.

"போட்டு வரட்டோ?"

எல்லாரும் சொல்வதுதான். படியிறங்கும் எல்லாரும் அதைச் சொல்லிக்கொண்டே பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்கள். அவர் நின்றார். உண்மையாகவே என் பதிலுக்காக நின்றார். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. நான் அப்படிச் சொல்லியிருந்தால் அவர் இன்னும் கொஞ்சநேரம் இருந்திருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"போட்டு வாங்கோ அண்ணை" என்றேன்.

அன்று பின்னேரம் ரொறன்ரோக் கலியாணம் ஒன்றுக்கு ஒரு குடும்பமே வந்தது. அவர் இருந்த கதிரையில் ஒருவர் வந்து கேட்காமல் இருந்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள்.